இரண்டு நூல் பலகை

இரண்டு பலகைகள் வேண்டியிருந்தன. நீளம் இருபத்திரண்டு அங்குலம், அகலம் இரண்டரை அங்குலம், கனம் இரண்டு நூல். மரம் கெட்டியாக இருக்க வேண்டும். முடிச்சு இருக்கக் கூடாது, நார் நேராக ஓட வேண்டும். இந்த அளவுகளை ஒரு காகிதத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். காகிதம் மடிப்பில் கிழிந்து எங்கோ போய்விட்டது. அளவுகள் மட்டும் போகவில்லை. இப்போதும் எங்காவது ஒரு மெல்லிய பலகையைக் கண்டால் என் கட்டைவிரல் நகம் தானாக அதன் விளிம்புக்குப் போகிறது.

நூல் என்பது எங்கள் தச்சர்களின் அளவு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததெல்லாம் இந்தச் சொல்லால் நடந்தது.

பலகைகள் என் மகளின் இடது காலுக்கு. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கியவள் அப்படியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. “அப்பா, கால் இன்னும் தூங்குதுப்பா” என்றாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “எழுப்பிவிடு” என்றேன்.

இளம்பிள்ளை வாதம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கே கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவள் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். நல்ல மனிதர், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லாதவர்.

“போன சதைக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இந்த முட்டியப் பாருங்க. பின்பக்கம் இழுக்குது. இப்ப என் கையால நீட்டினா நீளுது. மடக்கியே படுத்துக் கிடந்தா அப்படியே நின்னுடும். தூங்குற நேரமெல்லாம் நேரா வெச்சுக் கட்டணும். இந்த மூணு நாலு மாசம் உங்க கையில இருக்கு. முட்டி நேரா நின்னா இரும்புக் கம்பி போட்டு நடக்க வெக்கலாம். மடங்கி நின்னுட்டா கம்பியே போட முடியாது.”

அங்கே இருந்த, காலோடு சேர்த்துக் கட்டுகிற கட்டைகள் வளர்ந்தவர்களுக்கானவை. என் மகளுக்கு வைத்துப் பார்த்தபோது அவள் விலாவைத் தொட்டது ஒன்று. அதனால் அவரே காகிதத்தில் ஒரு கால் வரைந்து, இரு பக்கமும் இரண்டு பட்டைகள் வரைந்து, அளவுகளை எழுதிக் கொடுத்தார். மெல்லியதாக ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டேன். காலில் சதை வற்றிவிட்டது, கனமான கட்டை எலும்பை அழுத்திப் புண்ணாக்கும் என்றார். கெட்டி மரம் ஏன் என்று கேட்கவில்லை. மெல்லிய மரம் கெட்டியாக இல்லாவிட்டால் ஒடியும் என்று எனக்கே தெரிந்தது.

அந்த நாளில் நான் ஒரு சரக்குக் கிடங்கில் கிராணி, சீட்டும் கணக்கும் எழுதுகிற குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மரம் நிறைந்த மலாய் நாடு இது. வீட்டுச் சுவர் மரம், கூரைச் சட்டம் மரம், எதிரே ரயில் ஓடுகிற கட்டைகள் மரம். இரண்டு துண்டுப் பலகைக்காக அலைய நேரும் என்று நான் நினைக்கவே இல்லை.

முதலில் கிடங்கிலிருந்து ஒரு ரப்பர்ப் பெட்டியின் பக்கப் பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒட்டுப் பலகை அது. கனம் சரியாக இருந்தது. நான்கு நாளில் வியர்வையில் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டது. மூங்கிலைப் பிளந்து வைத்தேன். அது உருண்டது, விளிம்பு தோலைக் கீறியது. பள்ளிக்கூடத்து அடிக்கோல் நல்ல மரம்தான், ஆனால் பன்னிரண்டு அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

எங்கள் தெருக்கோடியில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காகிதத்தை அவரிடம் காட்டினேன்.

“என்கிட்ட இருக்கிற மரத்தப் பாருங்க கிராணியாரே. குடம், ஆரக்கால், நுகத்தடி. எல்லாம் மாடு இழுக்கிற மரம். இத வெச்சுக் கட்டினா புள்ள கட்டில விட்டு எந்திரிக்கவே மாட்டா.”

“இழைச்சு மெல்லிசாக்க முடியாதாண்ணே?”

“மூணு அங்குலத்த ரெண்டு நூலா இழைக்கிறதா? மரம் பூரா சுருள் சுருளாப் போயிடும், அடுத்த தீபாவளிக்குத்தான் பலகை வரும். டவுன்ல சீனக் கடைக்குப் போங்க. மெல்லிசா இழைச்சே வெச்சிருப்பான். ரெண்டு நூலுன்னு கேளுங்க, குடுப்பான். கொண்டாங்க, அரை நாள்ல விளிம்ப உருட்டித் துளை போட்டுத் தரேன்.”

ரெண்டு நூலுன்னு கேளுங்க. அவர் சொன்னபடியே கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து நேரே போனேன். கோட்டும் தொப்பியுமாக. ஆற்றுப் பக்கம் இருந்த நீளமான கடை அது. உள்ளே இருட்டில் மரங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கடை முதலாளியான சீனத் தவுக்கே பனியனோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மூன்று நான்கு பேர். அதில் ஒருவர் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். கடைக்கு அலமாரித் தட்டு வாங்க வந்திருந்தார்.

எனக்குத் தெரிந்த மலாய் காய்கறி வாங்குகிற மலாய். பலகைக்குச் சொல் தெரியும், மெல்லியது என்பதற்குத் தெரியும். நூலுக்கு என்ன சொல் என்று ஒரு கணம் யோசித்தேன். தைக்கிற நூலுக்குப் பெனாங் என்பார்கள். அது நாவில் வந்துவிட்டது. தமிழ் ஆசாரி சொன்ன அளவை அப்படியே மலாயில் மாற்றி, நன்றாகக் கேட்கும்படி, “துவா பெனாங்” என்றேன். அதாவது, இரண்டு தையல் நூல்.

தவுக்கே கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். என் தொப்பியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். “பெனாங்?” என்றார்.

“பெனாங். துவா” என்றேன், இரண்டு விரலையும் காட்டி.

அவர் எழுந்து வாசல்வரை வந்து, எதிர்ச்சாரியில் இருந்த துணிக்கடையை மரியாதையாகக் கைநீட்டிக் காட்டினார். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர்தான் அதிகம் சிரித்தார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும்.

“கிராணியாரே, மரக்கடைக்கு வந்து நூல் கேக்குறீங்களே! ஊசி வேணாமா?”

என் சட்டைப் பையில் காகிதம் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். விரல் நகத்தைக் காட்டி இவ்வளவு கனம் என்றிருக்கலாம். கால் அங்குலம் என்பதை இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கலாம், அந்தச் சொல்லைத் தினமும் நூறு சீட்டில் எழுதுகிறவன் நான். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. முகம் எரிந்தது. கடையை விட்டு இறங்கினேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அவர் கை காட்டிய பக்கமாகவே நடந்து தெருவைக் கடந்தேன். பின்னால் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நிஜமாகவே துணிக்கடைக்குத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கடை வாசலில் தொங்கிய கைலிகளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே தெருவில் பேச்சு வந்துவிட்டது. “படிச்சவரு, மரக்கடையிலயும் நூலத் தேடுறாரு” என்று மளிகைக் கடையில் ஒருவர் சொல்ல, “அவர் தேடின நூலு படிக்கிற நூலா, தைக்கிற நூலா?” என்று இன்னொருவர் கேட்டாராம். நான் அரிசி வாங்கப் போனபோது பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் எனக்கு நூல் கிராணி என்று பெயரே வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. என் மகளின் கால் விஷயம் தெரிந்தவர்கள்தான், சாயங்காலங்களில் வந்து அவளுக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான். நான் எதற்காக அந்தப் பலகையைத் தேடினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பலகை அங்க இருந்துச்சா இல்லையா?”

“பார்க்கல.”

“அப்ப திரும்பிப் போய்க் கேளுங்க. இந்தக் காகிதத்தக் காட்டுங்க.”

“வேற கடை இல்லையா என்ன?”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். நமக்குப் பலகைதானே வேணும்?”

“வேற கடையில பார்க்கிறேன்னு சொன்னேன்ல.”

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். மகளின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காமல், முட்டிக்கு மேல் ஒரு கையை வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள். பலகை வரும்வரை அவள் கைதான் பலகை. அவள் கண் அசந்ததும் கை நழுவிவிடும், கால் தானே மடங்கிக்கொள்ளும்.

வேறு கடைகளில் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. ஊரிலுள்ள மரம் அறுக்கும் ஆலைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். இப்போது காகிதத்தை முதலில் நீட்டினேன், வாயைத் திறப்பதே இல்லை. ஒரு அங்குலத்துக்குக் குறைந்து அறுப்பதில்லை என்றார்கள். மெல்லியதாக அறுத்தால் வெயிலில் முறுக்கிக்கொள்ளும், யாரும் வாங்க மாட்டார்கள் என்றார் ஒருவர். ஓர் இடத்தில் மெல்லிய பலகை இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பழப்பெட்டி செய்கிற மரமாம். இன்னோர் இடத்தில் நூறு பலகைக்குக் குறைந்து அறுக்க மாட்டார்களாம். இரண்டே இரண்டு போதும் என்று சொன்னபோது, விளையாட்டுச் சாமான் செய்யவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆற்றுப் பக்கத்துக் கடையிருந்த தெருவுக்கு மட்டும் போகவில்லை. அந்தத் தெரு வந்தால் முந்தின சந்திலேயே திரும்பிவிடுவேன்.

கிள்ளானில் ஆற்றங்கரையில் படகு கட்டுகிறவர்களிடம் மெல்லிய பலகை இருக்கும் என்று கிடங்கில் ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். மூன்றாம் வகுப்புப் பெட்டி. சன்னலுக்கு மரச்சட்டங்கள் போட்ட தட்டி. வெளியே ரப்பர் தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்துத்தான் நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தட்டியின் ஒவ்வொரு பட்டையும் தேக்கு. நார் நேராக ஓடியது. கனம் இரண்டு நூல். நகத்தை வைத்துப் பார்த்தேன், இரண்டேதான். நீளமும் ஏறக்குறைய சரி. அகலம் அரை அங்குலம் குறைவு. பரவாயில்லை, இரண்டை ஒட்டிவிடலாம். கீழிருந்து மூன்றாவது பட்டை ஒரு முனையில் ஆடியது.

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்து வரலியா? மேல தூக்கி விடுங்க, தொறக்கும்.”

“இல்லம்மா, சும்மா பார்த்தேன்.”

“அத ஆட்டாதீங்க. கழண்டு கையோட வந்துடப் போவுது. அப்புறம் டிக்கட் பரிசோதகரு உங்களத்தான் புடிப்பாரு.”

கையை எடுத்துக்கொண்டேன். ரப்பர் தோட்டங்கள் கடந்து கிள்ளான் வரும்வரை அந்தப் பட்டை ஆடிக்கொண்டே வந்தது. ரயில் முழுக்க, இந்த நாட்டில் ஓடுகிற ரயில்கள் எல்லாவற்றிலும், ஒவ்வொரு சன்னலிலும் என் மகளுக்கு வேண்டிய பலகை இருந்தது.

படகு கட்டுகிற மலாய்க்காரர் பொறுமையானவர். நான் குச்சியால் மணலில் கால் வரைந்து காட்டினேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் மகளுக்கும் அந்த வயதுதான் என்றார். அவரிடம் இருந்ததில் மெல்லியதே ஒரு அங்குலம். யாரோ கதவு நிலைக்கு வாங்கி மிஞ்சிய மெர்பாவ் மரத்துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். இரும்பு மாதிரி இருந்தது. பக்கத்தில் கைவாள் வைத்து அறுக்கிற இரண்டு சீனர்களிடம் அவரே கூட்டிப் போனார். இந்த முறை நான் தவறு செய்யவில்லை. கால் அங்குலத்துக்கு மலாயில் என்ன சொல் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்திருந்தேன். சொன்னேன், காகிதத்தையும் காட்டினேன். அவர்கள் அரை நாள் அறுத்தார்கள். கால் அங்குலம், ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிள்ளான் ரயில் நிலையத்தில் அந்த இரண்டு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம்தான் அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம்.

ஆசாரி பலகையைக் கையில் எடுத்ததும் வாள் தடத்தைத் தடவிப் பார்த்தார்.

“இது அறுத்த பலகை. சொரசொரன்னு இருக்கு. இழைச்சுத்தானே காலுல வெக்கணும்?”

“ஆமா.”

“ரெண்டு பக்கமும் இழைச்சா எவ்வளவு நிக்கும்? ஒண்ணேகால் நூலுகூடத் தேறாது. மூணு நூலுக்கு அறுக்கச் சொல்லியிருக்கணும்.”

“நீங்கதானேண்ணே ரெண்டு நூலுன்னு சொன்னீங்க?”

“நான் சொன்னது டவுன்ல இழைச்சு வெச்சிருக்கிற பலகைக்கு. அறுவைக் கனம் வேற, இழைப்புக் கனம் வேற கிராணியாரே.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சரி விடுங்க. மரம் கெட்டி மரம். தாங்கினாலும் தாங்கும். ஆனா ஈரம் இருக்கு. ரெண்டு வாரம் காயட்டும்.”

இரண்டு வாரம் கட்டிலுக்கு அடியில் காயப்போட்டோம். என் மகள் தினமும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்து, “இன்னும் ஜில்லுன்னு இருக்குப்பா” என்று எனக்குச் செய்தி சொல்வாள். அதற்குள் அவள் காலை நாங்கள் நீட்டினால் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஆசாரி இழைத்துக் கொடுத்த பலகையைக் கட்டிய மறுநாள் காலை என் மனைவி கூச்சல் போட்டாள். ஓடினேன். கால் முழுக்கச் சுற்றியிருந்த துணி சிவப்பாக இருந்தது. அவிழ்த்தோம். காயம் இல்லை, கீறல்கூட இல்லை. மெர்பாவ் மரம் ஈரம் பட்டால் சாயம் விடும் என்று ஆசாரி பிறகு சொன்னார். வியர்வையில் அது கசிந்துகொண்டே இருந்தது. துணியைத் துவைத்தால் போகவில்லை. பழுப்பும் சிவப்புமாக, உலர்ந்த ரத்தம் போலவே, கொடியில் வரிசையாகத் தொங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் காலையில் பலகை முட்டிக்கு நேராக ஒடிந்திருந்தது. அவள் விழித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடாமல் படுத்திருந்தாள்.

“நான் மடக்கலப்பா. அதுவா மடங்கிடுச்சு. நான் தூங்கிட்டுதான் இருந்தேன்.”

ஒன்பது வயதுப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கட்டுத்துணி எல்லாம் கறையாகிவிட்டதால் புதுத்துணி வாங்க வேண்டியிருந்தது. வெள்ளைக் காடாத் துணி மலிவாகக் கிடைப்பது அந்த ஆற்றுப் பக்கத்துத் தெருவில்தான். எப்படியும் துணிக்கடைக்குத்தானே போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு, எதிர்ப்பக்கம் பார்க்காமல் உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் ஒரு ராவுத்தர். துணியை உதறி, கஜக்கோலை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

ஒரு கஜம். இரண்டு கஜம். மூன்றாவது கஜத்தில் நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“என்ன தம்பி?”

“இந்தக் கோல் எங்க வாங்கினீங்க பாய்?”

முப்பத்தாறு அங்குல நீளம். கருஞ்சிவப்பு மரம், வழவழவென்று இருந்தது. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடியது. கனம் இரண்டு நூல்.

“இதுவா? எதுத்த கடைத் தவுக்கேதான் குடுத்தான். சாமி மாடம் செய்யுறவங்களுக்குன்னு மெல்லிசா, கெட்டி மரத்துல இழைச்சு வெச்சிருப்பான். இது வந்து பத்து வருஷமாச்சு, இன்னும் ஒரு கோணல் இல்ல. ஏன், உங்களுக்கு வேணுமா? போய்க் கேளுங்க, குடுப்பான்.”

துணியை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

தவுக்கே என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். “ஒராங் பெனாங்!” என்றார். நூல்காரன். அப்புறம் சிரித்துக்கொண்டே, நூல் கிடைத்ததா என்று மலாயில் கேட்டார். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வரைந்திருந்த காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உயரத்தைக் கையால் காட்டி, எவ்வளவு பெரிய பிள்ளை என்று கேட்டார். காட்டினேன். அவர் உள்ளே போய், சுவரோரம் நிறுத்தியிருந்த மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நார் பார்த்து, வளைத்துப் பார்த்து ஒதுக்கினார். இருபதுக்கு மேல் பார்த்திருப்பார். இரண்டைத் தேர்ந்தெடுத்து, அளவுக்கு அறுத்து, விளிம்புகளைத் தானே உட்கார்ந்து தேய்த்து உருட்டினார். முதல் தடவை நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பலகைகள் பத்தடி தூரத்தில் இருந்தன. அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும்.

பலகையைக் கையில் கொடுத்துவிட்டு, இந்தக் காகிதத்தை அன்றைக்கே ஏன் காட்டவில்லை என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, தெரியாததால் கேட்டார். காசை எண்ணி அவர் கையில் வைத்தேன். 

நான் முதலில் அந்தக் கடையில் ஏறி இறங்கிப் பத்து வாரங்கள் போயிருந்தன.

அந்தப் பலகைகள் ஒடியவில்லை, சாயம் விடவில்லை, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. ஆசாரி பட்டை போட்டுப் பொருத்தினார். ஆனால் காலை நீட்டிக் கட்டினால் பலகைக்கும் முட்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி நின்றது. இறுக்கினால் அலறினாள். ஒரு மாதம் அப்படியே கட்டினோம். டிரெஸ்ஸர் ஒரு கையைத் தொடையிலும் ஒரு கையைக் கணுக்காலிலும் வைத்து மெல்ல அழுத்தினார். ஓரிடத்தில் நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். அதே இடத்தில் நின்றது.

“இனிமே பலகைக்கு வேலை இல்ல” என்றார். நான் அங்கேயே நின்றதைப் பார்த்து, “ஆரம்பத்துலயே போட்டிருந்தாலும் நிச்சயமா நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. சில பேருக்கு எப்படியும் இழுத்துடும்” என்றார்.

அவர் உண்மை சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக அதையே யோசிக்கிறேன். சில நாள் அதை நம்பி நிம்மதியாகிறேன். அந்த நாட்களில்தான் எனக்கு என் மேல் அருவருப்பு அதிகமாக வருகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, “ம்” என்றாள். திரும்பிப் போய்க் கேளுங்க என்று அன்று சொன்னதை அவள் இதுவரை ஒரு முறைகூட எடுத்துச் சொல்லவில்லை. சண்டையில்கூட. எடுத்துச் சொல்லிவிட்டால் தேவலை என்று நினைப்பேன். அந்த இரண்டு பலகையையும் துடைத்து, துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.

கம்பி போட முடியாது என்பதால் கக்கத்தில் வைத்து ஊன்றுகிற கோல் ஒன்று வேண்டியிருந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆசாரியின் கொட்டகைக்குப் போனேன். அவர் அவளைச் சக்கரக் குடத்தின் மேல் உட்காரவைத்து, கக்கத்திலிருந்து தரைவரை அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கனம் எவ்வளவு வெக்கலாம் கிராணியாரே?”

எத்தனை நூல் என்று சொல்ல வேண்டும். நான் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

“ஒடியாத அளவுக்கு வெய்யுங்க மாமா.”

“அதானே” என்று ஆசாரி மூலையில் கிடந்த ஆரக்கால்களில் ஒன்றை உருவினார். தேட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கோல் தயாராகிவிட்டது. அவள் அதை ஊன்றிக்கொண்டு, இடது கால் தரையைத் தொடாமல் மடங்கித் தொங்க, எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.